கிணற்றுத் தண்ணீருக்கு பில்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பில்டருக்குக் கொடுத்த 72,000 ரூபாய்கூட இரண்டாவதுதான். தோப்பின் கடைசி வரிசையில் வெயிலில் கருகிப்போன 11 தென்னம்பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. ஏமாந்ததை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டேன். போன வாரம் அதை எனக்கு விற்ற அதே ஆள் பக்கத்து ஊரிலும் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

தாராபுரம் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் தென்னை. கிணறு 65 அடி. போரில் (ஆழ்துளைக் குழாயில்) வரும் தண்ணீரைக் கிணற்றில் விழவிட்டு, அங்கிருந்து சொட்டுநீருக்கும் வீட்டுக்கும் எடுக்கிறோம். கோடையில் கிணறு இறங்க இறங்கத் தண்ணீர் செம்மண் கலங்கலாக வரும். மரத்தடியில் சொட்டு விடும் டிரிப்பர் அடைக்கும், மாடித் தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு வண்டல் சேரும். இதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் வந்தார்.

வீட்டுத் திண்ணையில் இரண்டு டம்ளர் வைத்தார். ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த கேன் தண்ணீர். கரண்டில் ஓடும் ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் விட்டார். ஒரே நிமிடத்தில் எங்கள் டம்ளர் சாக்கடை மாதிரி பழுப்பாகி நுரைத்தது. கேன் தண்ணீர் அப்படியே இருந்தது. "அம்மா, இதைத்தான் இத்தனை நாளா பேரப்புள்ளைக்குக் கொடுத்தீங்களா?" என்று என் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தே நான் விழுந்துவிட்டேன்.

அந்தப் பழுப்பு நம் தண்ணீரில் இருந்த அழுக்கே கிடையாது. கருவியின் கம்பி இரும்பு. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் பாயும்போது அந்த இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. கேன் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறாது. அவருடைய கேன் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டிருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். கல்லூரியில் வேதியியல் படிக்கும் தங்கச்சி மகள் பிற்பாடு சொல்லித்தான் எனக்கே இது தெரிந்தது. இந்தக் கம்பி வித்தையை யாராவது உங்கள் வீட்டில் காட்டினால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்து அனுப்பிவிடுங்கள்.

டி.டி.எஸ். மீட்டரையும் காட்டினார். எங்கள் தண்ணீர் 1,100 காட்டியது. அந்த மீட்டர் அளப்பது கரைந்திருக்கும் உப்பை. மண்ணையும் மணலையும் அது கணக்கில் எடுக்காது. மண்ணைப் பிடிக்கும் பில்டர் போட்டாலும் அந்த எண் இறங்காது. எங்களுக்கும் இறங்கவில்லை.

"வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இந்த ஒரே டேங்க் போதும்ங்கண்ணா" என்று நீல நிற பைபர் டேங்க் ஒன்றை மாட்டினார்கள். விட்டம் 13 அங்குலம், உயரம் 54 அங்குலம். சொட்டுநீர் மானியத்தில் வந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த என் பழைய டிஸ்க் பில்டரை (வளையத் தட்டுகளை அடுக்கி அதன் இடுக்கில் அழுக்கைப் பிடிப்பது), இனி தேவையில்லை என்று கழற்றி, விலையில் 3,000 ரூபாய் குறைத்துக்கொண்டு எடுத்துப் போனார்கள். அதை விட்டது என் பெரிய தவறு.

மறுநாளே கடைசி வரிசைகளுக்குத் தண்ணீர் போகவில்லை. போன் செய்தால், "புதுசுங்க, செட்டாகணும்" என்றார்கள். பத்து நாள் கழித்து வந்த பையன் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டு, சரியாகிவிட்டது என்று கிளம்பினான். அதாவது பில்டரைத் தொடாமலே தண்ணீர் லேட்டரலுக்கு, டிரிப்பர் செருகிய வரிசைக் குழாய்களுக்கு, போனது. நான் அதைக் கவனிப்பதற்குள் பாதி டிரிப்பர் அடைத்துவிட்டது. ஆசிட் விடுங்கள் என்றும் சொன்னார்கள். ஆசிட் சுண்ணாம்புப் படிவைத்தான் கரைக்கும். மண்ணையும் மணலையும் அது ஒன்றும் செய்யாது. அந்தக் குழாய்களின் கடைசி மூடியான எண்டு கேப்பை ஒவ்வொன்றாகத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஓடவிட்டுத்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது.

அப்படித் திறந்தபோது கையில் விழுந்த மணலைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் கிணற்றில் வருவது சிவந்த பொடிமண். கையில் இருந்தது ஒரே அளவான வெள்ளை மணல். டேங்கைத் திறந்து பார்த்தோம். அடியில் கூழாங்கல், அதன்மேல் பெருமணல், அதற்கும் மேல் நுண்மணல் என்று அடுக்கியிருக்க வேண்டும். கூழாங்கல்லே போடவில்லை. அடியில் இருக்கும் ஜாலியும் விரிந்திருந்தது. பில்டரே மணலைக் கக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சுவரைப் பார்த்த பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் அன்றைக்குத்தான் படித்தேன். மணிக்கு 2,000 லிட்டர் என்று போட்டிருந்தது. என் தோப்பில் 280 மரம், மரத்துக்கு 4 டிரிப்பர், ஒன்று மணிக்கு 8 லிட்டர். பெருக்கினால் 8,960 லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. வாங்கும் முன்பு நானும் போடவில்லை, விற்றவரும் கேட்கவில்லை. ஒரு மணிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்காத ஆளிடம் பில்டர் வாங்காதீர்கள்.

கடைசியில் பிரச்சினையைத் தீர்த்தது எங்கள் ஊரில் முப்பது வருடமாக மோட்டார் இறக்கும் ஒரு அண்ணன். கிணற்றை எட்டிப் பார்த்தவுடனே, "ஏன் தம்பி, போர்த் தண்ணி விழுற எடத்துக்கு நேரா மோட்டாரைத் தொங்கவிட்டா அது சேத்தைத்தானே இழுக்கும்?" என்றார். போர்க் குழாயை எதிர் மூலைக்கு மாற்றி, மோட்டாரை 10 அடி மேலே தூக்கினார். கலங்கல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. குழாய்க்கும் கூலிக்கும் சேர்த்து 2,600 ரூபாய்தான் ஆனது.

மிச்சத்துக்கு, பாசியைப் பிடிக்க அளவான மணல் பில்டரும் அதற்குப் பின்னால் 120 மெஷ் டிஸ்க் பில்டரும் வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் தண்ணீரின் அழுத்தம் காட்டும் ஒவ்வொரு கேஜ். இரண்டுக்கும் வித்தியாசம் அரைக் கிலோவைத் தொட்டால் கழுவ வேண்டும். நேராகப் போரிலிருந்தே சொட்டுநீர் விடுபவர்களுக்கு மணல்தான் தொல்லை என்றால் முதலில் தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் வேண்டும். ஆனால் அது களியையும் பாசியையும் பிடிக்காது.

வீட்டுக்கு மாடித் தொட்டிக்கு ஏறும் குழாயிலேயே 5 மைக்ரான் நூல் பில்டரை மாட்டியிருந்தார்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை அடைக்கும், ஒவ்வொரு முறையும் 350 ரூபாய். இப்போது கீழ்த் தொட்டியில் ஒரு ராத்திரி தெளியவைத்துத்தான் மேலே ஏற்றுகிறோம். சமையலறைக் குழாய்க்கு மட்டும் முதலில் 20, அடுத்து 5 மைக்ரான். அம்மா குடிதண்ணீர்ப் பானையில் பழையபடி தேத்தாங்கொட்டை உரைத்துப் போடுகிறார், தெளிகிறது. தெளிந்தது என்பதற்காகக் கிருமி போய்விட்டதாக ஆகாது, அதனால் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

எதை வாங்கும் முன்பும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆட்டாமல் வையுங்கள். சில நிமிடத்தில் அடியில் இறங்கினால் மணல். மறுநாளும் கலங்கலாகவே நின்றால் களி, அதைச் சாதாரண ஜாலி பில்டர் எதுவும் நிறுத்தாது. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காற்றுப் பட்டபின் செம்பழுப்பாக மாறினால் இரும்பு, அதற்கு வைத்தியமே வேறு. குடிப்பதற்கு என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். விற்க வருகிறவரின் டம்ளர் சோதனையை நம்ப வேண்டாம்.

அப்புறம் பில். எனக்குக் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டு, ஜி.எஸ்.டி. எண் கிடையாது. 50,000 ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். நல்லவேளையாக மீதி 22,000 ஜிபேயில் போனது, அது ஒன்றுதான் கையில் இருக்கும் உறுதியான ஆதாரம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொன்னேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தோட்டத்துக்கு வாங்கியது வியாபாரக் கணக்கில் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. அடுத்த மாதம் மனு போடுகிறேன். அதுவரைக்கும் டேங்க் மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கிடக்கும். உள்ளே இருந்த வெள்ளை மணலையும் ஒரு சாக்கில் கட்டி, வெளியே தேதி எழுதி வைத்திருக்கிறேன்.