மூன்று வருடமாக என் கடற்கன்னி வாலோடு ஊர் சுற்றும் குளம்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் இருக்கிறேன். பிறந்தநாள் விழா, ஹோட்டல் நிகழ்ச்சி, பத்து ஃபெரிங்கி பக்கம் கம்பெனிகளின் குடும்ப தினம் என்று கடற்கன்னியாக நிகழ்ச்சி செய்கிறேன். நீச்சல்குளம் இருக்கும் இடமென்றால் வாலை மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். இல்லாத இடத்துக்கு என்ன கொண்டுபோவது என்று புதிதாக வரும் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இத்தனை நாள் பட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் வாங்கியது மேல் விளிம்பில் காற்றடிக்கும் குளம். விலை குறைவு, மடித்தால் என் மைவி காரின் பின்பெட்டிக்குள் அடங்கிவிடும். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பிறந்தநாளில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே பக்கம் சாய்ந்ததும் அந்த விளிம்பு அப்படியே மடங்கி, தண்ணீர் போர்ச்சில் பாய்ந்து, வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்பெல்லாம் லோங்காங்கை (வாசல் சாக்கடையை) நோக்கி மிதந்தன. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அந்த நேரம் நான் இரண்டு காலும் ஒரே வாலுக்குள் கட்டப்பட்டு எழுந்து நிற்க முடியாமல் கிடந்தேன். அன்றைக்கே அதை விட்டுவிட்டேன்.

அப்புறம் கோலாலம்பூரிலிருந்து அக்ரிலிக் தொட்டி இரண்டு முறை வாடகைக்கு எடுத்தேன். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். பார்க்க அவ்வளவு அழகு, தண்ணீருக்குள் இருக்கும் வால் வெளியே நிற்பவருக்குக் கால் பங்கு கிட்டத்தில் தெரியும், செதில் ஒவ்வொன்றும் பெரிதாக மின்னும். ஆனால் வால் நுனிவரை என் நீளமே 2 மீட்டரைத் தாண்டுகிறது, திரும்பவே இடமில்லை. நிரப்பினால் தண்ணீர் மட்டும் 2.4 டன். அது நிற்பது இரண்டே சதுர மீட்டரில். ஹோட்டல்காரர் முதல் மாடி மண்டபத்தில் வைக்க முடியாது, பொறியாளர் கடிதம் வேண்டும் என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம்.

இப்போது மூன்று வருடமாக இருப்பது இரும்பு ஃபிரேம் குளம், 3.05 மீட்டர் வட்டம், 76 சென்டிமீட்டர் உயரம். நான் 60 சென்டிமீட்டருக்கு மேல் நிரப்புவதில்லை. உள்பக்கம் சிவப்பு டேப் ஒட்டிக் கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டுக்கே ஏறக்குறைய 4,400 லிட்டர். என் வீட்டுக் குழாயில் 10 லிட்டர் வாளி நிறைய 40 வினாடி ஆகிறது, அந்தக் கணக்கில் குளம் நிறைய ஐந்து மணி நேரம். அதனால் யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது குழாய் எங்கே இருக்கிறது, ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் என்றுதான். உடை, மேக்கப் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது தரை. 60 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 600 கிலோ. வீட்டு மாடித் தளம் சுமார் 150 கிலோவுக்குத்தான் கணக்கிட்டுக் கட்டப்படுகிறது. கொண்டோ பால்கனியில் வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் ஒரே வார்த்தை, முடியாது. தரைவீடு என்றாலும் போர்ச்சைக் கவனியுங்கள், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக லோங்காங் பக்கம் சரித்துத்தான் ஊற்றியிருப்பார்கள். மூன்று மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சரிவு இருந்தாலே போதும், தாழ்ந்த பக்கத்து ஃபிரேம் கால்கள் வெளியே பிதுங்கத் தொடங்கும். ஒருமுறை பாதி நிரம்பிய பிறகு அதைப் பார்த்த என் தம்பி, "அக்கா, இது நிக்காது, இறக்கிடுவோம்" என்றான். இறக்கிவிட்டு, பக்கத்துப் பூப்பந்து கோர்ட்டில் அனுமதி கேட்டுத் திரும்ப நிரப்பினோம். நிகழ்ச்சி மூன்று மணி நேரம் தாமதம்.

மூன்று வருடத்தில் என்ன கெட்டது? ஒரே ஒரு ஓட்டை, அதுவும் என் மோனோஃபின் (இரண்டு காலுக்கும் சேர்த்து வால் நுனியில் மாட்டும் துடுப்பு) ஓரம் தேய்த்துத் தேய்த்து வந்தது. ஒட்டுத்துண்டு இன்னும் நிற்கிறது. அதிலிருந்து அடியில் ஃபோம் பாயும், உள்ளே வால் புரளும் இடத்தில் ஒரு பழைய யோகா பாயும் போடுகிறேன். கால் குழாய்கள் சேரும் மூட்டுகளில் துரு பிடித்தது. அதற்குக் காரணம் நான். கண் எரிச்சலுக்குக் கண்ணீர் அளவு உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம், சேர்த்தால் நல்லது என்று 40 கிலோ உப்பு வாங்கிக் கொட்டினேன். கண்ணுக்கு உண்மையிலேயே சுகமாக இருந்தது, இரும்புக்கு இல்லை. அந்தத் தண்ணீரைச் செடிக்கும் விட முடியாது. இப்போது வெறும் குழாய்த் தண்ணீர்தான். ஃபுளோரிடாவின் வீக்கி வாச்சியில் 1947 முதல் கடற்கன்னிகள் ஊற்றின் நன்னீருக்குள் கண்ணைத் திறந்துதான் நடிக்கிறார்கள். ஆனால் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், குழாய்த் தண்ணீரில் இருக்கும் அமீபா லென்ஸுக்கு அடியில் தங்கிக் கண்ணையே கெடுத்துவிடும்.

பிள்ளைகளும் தண்ணீரில் கை வைக்கும் நிகழ்ச்சி என்றால் குளோரின் அவசியம். 65 சதவீதத் தூள் 13, 14 கிராம் போட்டால் இந்தக் குளத்துக்கு 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். வாளித் தண்ணீரில் தூளைப் போட்டுக் கரைத்து ஊற்றுங்கள், தூள்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். வெயிலில் சீக்கிரம் குறையும் என்பதால் பரிசோதனைத் தாளில் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் தண்ணீரில் இருக்கும்வரை பம்ப் பிளக் சுவரில் இருக்கவே கூடாது, தம்பி அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை விட்டுக் கண் எடுக்காமல் நிற்பான். அவன் வர முடியாத நாளில் நிகழ்ச்சி இல்லை.

முடிந்ததும் தண்ணீரை அன்றைக்கே இறக்கிவிட வேண்டும், டிங்கி கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய தண்ணீர் போதும். மடிப்புகளைத் துடைத்து வெயிலில் காயவைத்த பிறகுதான் லோரியில் ஏற்றுவோம்.

2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றினார்களே, பினாங்கில் நான்கு நாள் தண்ணீர்த் தடை. அந்த வாரம் கையில் இரண்டு நிகழ்ச்சி இருந்தது. ஊரே வாளியோடு நிற்கும்போது 4,400 லிட்டர் கேட்க மனசு வரவில்லை, இரண்டையும் தள்ளிவைத்தேன். ஒரு அம்மா மட்டும் பிள்ளை ஏமாந்துவிடுவாள் என்றார். வாலை மாட்டிக்கொண்டு ஈரமில்லாமல் அவர்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதை சொல்லிவிட்டு வந்தேன்.