செருப்புப் பெட்டியா, ஆப்பா: பிளஸ் ஒன் பெண்ணுக்கு ஆங்கிலச் சொற்கள்

போன வருஷம் ஜூனில் மகள் பிளஸ் ஒன் காமர்ஸில் சேர்ந்தாள். பத்தாவது வரை ஆங்கிலத்தில் நல்ல மார்க்தான், ஆனால் எகனாமிக்ஸ் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்கு நாலு சொல் இடறியது. அதில் ஆரம்பித்து நான்கு வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டோம்: சொற்பட்டியல் புத்தகம், நாளிதழும் நோட்டும், ஃபோனில் அட்டை ஆப், கடைசியாக ஒரு செருப்புப் பெட்டி. நான் பெட்டிக் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரீட்சைக்கு மட்டும் என்றால் இந்தப் பாடே வேண்டாம். பிளஸ் டூ ஆங்கிலத் தாளில் 90 மார்க்குக்கு சினானிம் மூன்று, ஆன்டனிம் மூன்று, ஆக மொத்தம் 6 மார்க். எல்லாம் பாடத்தில் வரும் சொற்கள். கைடே போதும்.

சொற்பட்டியல் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேர்ச்சொல் பகுதி மட்டும் பிரயோஜனம், அதுவும் பயாலஜி எடுத்த பிள்ளைக்கு ‘ஹைப்போ’ என்றால் குறைவு, ‘ஹைப்பர்’ என்றால் அதிகம் என்று தெரிந்தால் பாதிப் பாடம் புரிந்துவிடும். மற்றபடி ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘நொட்டோரியஸ்’ என்றால் ‘ஃபேமஸ்’ என்று போட்டிருந்ததை நம்பி, சி.வி. ராமன் ஒரு நொட்டோரியஸ் விஞ்ஞானி என்று கட்டுரையில் எழுதி வைத்தாள். கெட்ட பெயர் எடுத்துப் பிரபலமானவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். பாவம் ராமன்.

நாளிதழும் நோட்டும் எல்லா வீட்டிலும் சொல்லும் யோசனை. தினமும் ஐந்து சொல், அர்த்தத்தோடு நீள நோட்டில் எழுது என்பார்கள். எழுதினாள், ஒன்றரை மாதம். ஆனால் எழுதிய பக்கத்தை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. நோட்டு நம்மை எதுவும் கேட்பதில்லை, அதுதான் அதன் குறை. ஒரே லாபம், சொல்லோடு அது வந்த வாக்கியமும் கையில் இருந்தது. அது பிறகு உதவியது.

அப்புறம் ஆப். ஆண்ட்ராய்டில் இலவசம், அட்டையைக் காட்டும், தெரியுமா தெரியாதா என்று நாம் சொல்ல வேண்டும், தெரிந்ததை நாள் தள்ளியும் தெரியாததைச் சீக்கிரமும் திரும்பக் கொண்டு வரும். மூளைக்கு ஏற்ற வழிதான், சந்தேகமில்லை. உச்சரிப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். நாளுக்குப் பத்துப் புதுச் சொல் என்று வைத்துக்கொண்டு செப்டம்பரிலிருந்து நன்றாகத்தான் போனது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது, பதினாறு நாள் தொடவில்லை. திரும்பத் திறந்தால் 200 அட்டை காத்திருந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து முடித்தாள். மறுநாள், “அம்மா, நேத்தே 200 பண்ணினேன், இன்னிக்கும் 200 காட்டுது!” உண்மையில் நிலுவை அதற்கும் மேலே இருந்திருக்கிறது, ஒரு நாளைக்கு 200 மட்டும் காட்டு என்பது அதன் இயல்பான அமைப்பு. அமைப்பைக் குறைத்திருக்கலாம் என்று பின்னால் ஒருவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அதற்குள் அவள் ஆப்பை அழித்துவிட்டாள்.

நான் யோசித்தது இதைத்தான். சொல் கற்பதில் சேர்ப்பது சுலபம், பராமரிப்புதான் பாடு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வருஷத்தில் நாலைந்து முறை இடைவெளி விழுந்தே தீரும்: தேர்வு, காய்ச்சல், அத்தை வீட்டுக் கல்யாணம். எந்த வழி அந்த இடைவெளியைத் தாங்கும் என்பதுதான் கேள்வி. ஆப் நாளைக் கணக்கு வைக்கிறது, நாள் நமக்காக நிற்காது. நீங்கள் தொடாவிட்டாலும் கடன் ஏறிக்கொண்டே இருக்கும், வட்டி மாதிரி.

பெட்டி வேறு மாதிரி. 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் பிரபலப்படுத்திய முறை. ஒரு பெட்டியில் ஐந்து அறை, 1, 2, 5, 8, 14 செ.மீ. என்ற அளவில். புது அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பினால் எங்கே இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். எப்போது படிக்க வேண்டும்? அறை நிரம்பும்போது. தேதியே கிடையாது. மார்ச்சில் ஆண்டுத் தேர்வுக்காக மூன்று வாரம் பெட்டியை மேல்தட்டில் வைத்துவிட்டோம். எடுத்தபோது வைத்த நிலையில் அப்படியே இருந்தது. மறந்த சொற்கள் நிறைய முதல் அறைக்குத் திரும்பின, உண்மைதான். ஆனால் முதல் அறையில் இருபத்தைந்து அட்டைக்கு மேல் இடமில்லை, அதனால் அவை நகரும்வரை புதுச் சொல் சேர்க்கவே முடியாது. பாரம் ஏறினால் பெட்டியே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஆப்பில் இதை நாமாகச் செய்ய வேண்டும், பதினாறு வயதில் அது வராது.

செலவு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. செருப்புப் பெட்டி 30 செ.மீ. சொச்சம் நீளம், கணக்குக்குச் சரியாக வந்தது. வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி அட்டை. முன்பக்கம் சொல்லை எடுத்துவிட்ட வாக்கியம், பின்பக்கம் சொல்லும் தமிழ் அர்த்தமும். அட்டையின் மூலையில் பென்சிலால் அறை எண்ணைக் குறித்து வையுங்கள். சின்னவன் ஒரு நாள் பந்தால் பெட்டியைத் தட்டிவிட்டுக் கலைத்த பிறகு வந்த ஞானம் அது. நான் தோசை ஊற்றிக்கொண்டே கேட்பேன், அவள் சொல்வாள், ஃபோன் பக்கமே போக வேண்டாம்.

எந்தச் சொல்லை எடுப்பது என்பதிலும் முதலில் தப்பு செய்தோம். வெளிநாட்டு மேல்படிப்புக்கான ஜிஆர்ஈ தேர்வுக்கென்று ஆப்பில் யாரோ போட்டு வைத்திருந்த அட்டைக் கட்டு. அதில் இருந்த பாதிச் சொல் இன்றுவரை எங்கள் கண்ணில் படவில்லை. நியூசிலாந்தின் மொழியியல் ஆய்வாளர் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்களின் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் ஒரு குடும்பம்) பட்டியல் இருக்கிறது, கல்லூரிப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள். டெரைவ் (derive), இம்ப்ளை, ஆர்பிட்ரரி, இனெவிட்டபிள் எல்லாம் அதில்தான். அந்தப் பட்டியலில் இருந்து, அவள் பாடத்திலோ பேப்பரிலோ எதிர்ப்பட்ட சொல்லுக்கு மட்டும் அட்டை.

குறையும் சொல்கிறேன். வேகம் இல்லை, ஏழு மாதத்தில் 240 சொல்தான். லைட்னரின் அளவில் மூன்றாவது அறை நிரம்பவே அரை வருஷமாகும் போலிருந்தது, தடுப்பை நகர்த்தி 3 செ.மீ. ஆக்கிவிட்டேன். கடைசி அறை இன்னும் காலி, அங்கே போகும் சொல் நிலைக்குமா என்பதை நான் பார்த்ததில்லை. ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்டிஏ (NDA) போன்ற நுழைவுத் தேர்வுக்குக் குறைந்த மாதத்தில் ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால், தினமும் உட்காரும் பிள்ளையென்றால், ஆப்தான் சரி என்று நினைக்கிறேன்.

அப்புறம் பெட்டிக்கு வாய் இல்லை. ‘இருந்தாலும்’ என்று அர்த்தம் வரும் albeit-ஐ ‘ஆல்பீட்’ என்றே ஒரு மாதம் இருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம், ‘ஆல்-பி-இட்’ என்று ஆங்கில மிஸ் திருத்தினார். அந்த அட்டை இப்போது ஆறாவது முறையாக முதல் அறையில் இருக்கிறது.