வாராவாரம் டிர்செபடைடு ஊசி: காரைக்குடி பலகார அடுப்படியிலிருந்து ஒரு நீண்ட அனுபவம்

எனக்கு வயது 53. காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம், முகூர்த்த நாட்களில் மாவுருண்டை. சர்க்கரை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, பிரஷர் மாத்திரையும் உண்டு, முழங்கால் வலி தனி. 2025 கோடையில் டிர்செபடைடு ஊசி தொடங்கினேன், இன்றும் போட்டுக்கொள்கிறேன். 92 கிலோவில் தொடங்கியது இப்போது 79-ல் நிற்கிறது. மூன்று மாத சராசரி சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 8.4-லிருந்து 6.2-க்கு வந்திருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் துண்டுதுண்டாகச் சொல்வதைவிட, நல்லது கெட்டது இரண்டையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் மருந்தைப் பற்றி. சாப்பிட்டதும் நம் குடலே சுரக்கும் ஹார்மோன்கள் உண்டு. அதில் ஜிஎல்பி-1, ஜிஐபி என்ற இரண்டைப் போல இது வேலை செய்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயிறு காலியாவதை மெதுவாக்கும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். வாரம் ஒரு தடவை, வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போட வேண்டும். எலி லில்லி கம்பெனி இதை 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முதலில் வந்தது ஒரு ஊசிக்கான குப்பி, அப்போதைய விலை: 2.5 மி.கி. 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். நான்கு வாரத்துக்குக் கணக்குப் போட்டால் 14,000, அடுத்த அளவில் 17,500. நான்கு ஊசிக்கான மருந்து ஒன்றாக இருக்கும் பேனா அதே வருடம் பிறகுதான் வந்தது.

மதுரையில் நான் பார்க்கும் சர்க்கரை டாக்டர் எடுத்த எடுப்பில் எழுதிக் கொடுத்துவிடவில்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் புற்றுநோய் வந்திருக்கிறதா, கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்று குடும்பத்தில் இருந்தால் இந்த ஊசி கூடவே கூடாது. விழித்திரையைப் பரிசோதித்துவிட்டு வரச் சொன்னார், ஏனென்றால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கனவே பாதித்த கண் இன்னும் மோசமாகலாம். எடைக்காக இதை எழுத, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 27 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, பிரஷர் மாதிரி ஒரு நோய் இருக்க வேண்டும். எனக்கு 38.

மருந்தின் பலனை எப்படிச் சொல்வது? என் அடுப்படியில் நடந்ததையே சொல்கிறேன். மணகோலத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது, பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டிங்' என்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, பிழிந்து ஒடித்து வைத்த மாவையும் பொட்டுக்கடலையையும் நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லையும் போட்டுக் கிளறினால் தெருவே மணக்கும். அந்தச் சட்டி ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி வாயில் போடாமல் நான் எழுந்ததே இல்லை. மதியம் நன்றாகச் சாப்பிட்டிருந்தாலும் கை தானாகப் போகும். ஊசி தொடங்கி இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் கிளறி முடித்து, டின்னில் போட்டு, சட்டியையும் கழுவி வைத்த பிறகுதான் கவனித்தேன், ஒரு பருக்கைகூட வாய்க்குப் போகவில்லை. அடக்கிக்கொண்டு இருந்தேன் என்று சொல்ல முடியாது. அந்த நினைப்பே வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு அழுகை வந்தது. சின்ன வயதிலிருந்து எங்கள் ஆத்தா, பிறகு புகுந்த வீட்டில், பிறகு பார்த்த டாக்டர்கள் என எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: வாயைக் கட்டு. கட்டினேன். ராகிக் கூழ், கொள்ளு ரசம், காலையில் வெந்தயத் தண்ணீர், ராத்திரி சாப்பாட்டை விட்டது, எல்லாம் செய்தேன். ஐந்து கிலோ இறங்கும், எட்டு கிலோ ஏறும். பசியை அடக்கத் தெரியாதவள் என்ற பெயரோடு இத்தனை வருடம் இருந்தேன். மற்றவர்களுக்கு இயல்பாகக் கிடைக்கும் அந்த 'போதும்' எனக்கு ஒரு மருந்தால்தான் கிடைத்தது என்றால், என் உடம்பில் அது குறைவாக இருந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பருமனாக இருக்கும் பெண்களைப் பார்த்து வாயைக் கட்டச் சொல்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு.

இனி கஷ்டங்கள். 2.5 மி.கி.யில் பெரிதாக ஒன்றுமில்லை, அது உடம்பைப் பழக்கும் அளவுதான். 5-க்கு ஏற்றியதும் குமட்டல் ஆரம்பித்தது. ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் எண்ணெய் வாடையே ஆகவில்லை. தேன்குழல் அச்சிலிருந்து மாவு எண்ணெயில் விழுந்து பொங்கி வரும் அந்த முதல் ஆவி இருக்கிறதே, அது முகத்தில் அடித்ததும் வளவுக்கு (வீட்டு நடு முற்றத்துக்கு) ஓடி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. டாக்டர் சொல்லி ஊசியைச் சனிக்கிழமை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். ஞாயிறு அடுப்பு பற்ற வைப்பதில்லை, திங்கள் பாக்கிங் மட்டும். உப்புப் பதம் பார்ப்பதை எங்களோடு பல வருடமாக நிற்கும் அக்காவிடம் விட்டுவிட்டேன், ஏனென்றால் அந்த நாட்களில் என் நாக்கை நம்ப முடியவில்லை.

அழுகின முட்டை வாடையில் ஏப்பம் வரும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டால் விடியும்வரை நெஞ்சிலேயே நிற்கும், அதனால் ஏழு மணிக்குள் முடித்துவிடுகிறேன். மலச்சிக்கல் இன்னும் இருக்கிறது. வாழைத்தண்டும் கொய்யாவும் நிறையத் தண்ணீரும் இல்லாவிட்டால் சமாளிக்க முடியாது. நான்காவது மாதம் வாக்கில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. எடை வேகமாக இறங்கும்போது இப்படி ஆகும், திரும்ப முளைக்கும் என்றார் டாக்டர். அதேபோல முளைத்தும் வந்தது. வயிற்றில் தாங்க முடியாத வலி வந்து முதுகுவரை பரவினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, அது கணையமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

செட்டிநாட்டில் இதைப் போட்டுக்கொண்டு வாழ்வதில் உள்ள தனிச் சங்கடம் விசேஷ வீடுதான். சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) பந்தியில் உட்கார்ந்தால் வெள்ளைப் பணியாரம், மசாலா சீயம், கவுனி அரிசி, இடியாப்பம் என்று வரிசை முடியாது. இலையில் விழுவதை மிச்சம் வைத்தால் வீட்டுக்காரர்கள் மனசு நோகும். போன தை மாதம் ஒரு பெரிய ஆச்சி என் இலையைப் பார்த்துவிட்டு, "என்ன ஆத்தா, ஒண்ணுமே தொடல? ஒடம்புக்கு முடியலையா?" என்றார்கள். "நல்லா இருக்கேன் ஆச்சி. மருந்து சாப்பிடுறேன், வயிறு கொஞ்சமாத்தான் கேக்குது. ஒரு பணியாரம் போதும்" என்றேன். இப்போதெல்லாம் பரிமாற வருகிறவரிடம் ஆரம்பத்திலேயே பாதிப் பாதியாக வைக்கச் சொல்லிவிடுகிறேன். முகத்துக்காக ஒரு கை கூடுதலாகச் சாப்பிட்டால் வீட்டுக்கு வந்ததும் வாந்திதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது தசை. இறங்கும் எடை முழுவதும் கொழுப்பு இல்லை. ஆராய்ச்சியில் அளந்து பார்த்தபோது, இறங்கியதில் சுமார் நாலில் ஒரு பங்கு தசை முதலான கொழுப்பல்லாத பகுதி. எனக்கு அது கையில் தெரிந்தது. உளுந்து மூட்டையை முன்னால் ஒருத்தியாக நகர்த்துவேன், ஆறாவது மாதத்தில் முடியவில்லை. டாக்டர் என் சாப்பாட்டைக் கேட்டார். காலையில் ஒரு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி மோர். பசி இல்லாதபோது கை இப்படி லேசான சாப்பாட்டுக்குத்தான் போகும், அதில் புரதமே இல்லை. இப்போது காலையில் இரண்டு முட்டை, மதியம் மீனோ கோழியோ முதலில், சைவ நாளில் கெட்டிப் பருப்பும் பனீரும், சாயங்காலம் சுண்டல், தயிர். இடம் மிச்சம் இருந்தால்தான் சோறு. கூடவே ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. நடை மட்டும் போதாது. இந்த ஊசி போடுகிற யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சர்க்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த மருந்தை மட்டும் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அபூர்வம். ஆனால் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கூட இருந்தால் அப்படித் தாழ்ந்துவிடலாம். எனக்குத் தொடக்கத்திலேயே கிளிமிபிரைடைப் பாதியாக்கினார், பிறகு நிறுத்திவிட்டார். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பது என் வழக்கம். அதையும் வேண்டாம் என்றார், ஏற்கனவே குறைவாகச் சாப்பிடும் உடம்பில் நீர்ச்சத்து வற்றிச் சிறுநீரகம் பாதிக்கும் என்று. பாலும் பழமும் எடுத்துக்கொண்டு இருந்தேன். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான். எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் இந்த ஊசி போடுவதை மயக்க டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாவதால், பட்டினி இருந்தாலும் உள்ளே சாப்பாடு தங்கியிருக்கலாம்.

எங்கள் ஊர் வெயிலில் மருந்தைப் பாதுகாப்பது பெரிய வேலை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. சித்திரையில் ஒரு மருந்துக்கடையில் ஐஸ் கட்டி இல்லாமல், வெறும் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கவில்லை. அந்தக் கடைக்குப் பிறகு போகவும் இல்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம் வைக்காமல் நடுத்தட்டில் டப்பாவில் வைக்கிறேன். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை. பேனாவில் ஒவ்வொரு தடவையும் புது ஊசி மாட்டி, துளி வருகிறதா என்று பார்த்துவிட்டு, போட்டபின் ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான்கு ஊசி முடிந்தபின் உள்ளே கொஞ்சம் மருந்து தெரியும். இவ்வளவு விலை கொடுத்ததை வீணாக்குவதா என்று மனசு அடித்துக்கொள்ளும், ஆனால் அதை எடுத்துப் போடக் கூடாது.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் வாங்கி வருகிறோம் என்பார்கள். எனக்கும் அன்போடு கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். பெட்டியில் பல மணி நேரம் கிடந்து வரும் மருந்துக்கு யார் பொறுப்பு? இதே மாதிரி இன்னொரு மருந்தான செமாக்ளூடைடு ஊசியில் போலி நடமாடுவதாக 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. பில்லோடு, பேட்ச் எண்ணைப் பார்த்து, தெரிந்த கடையில் வாங்குங்கள்.

"எப்ப நிறுத்துவீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சில வாரம் ஊசி விட்டுப்போனது. அந்தப் பழைய பசி அப்படியே திரும்பி வந்தது, மூன்று கிலோவும் கூட வந்தது. மறுபடி தொடங்கும்போது குறைந்த அளவிலிருந்து வரச் சொன்னார் டாக்டர். ஆராய்ச்சியும் இதையே காட்டுகிறது. 36 வாரம் டிர்செபடைடு போட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அதை நிறுத்தியபோது, அடுத்த ஓராண்டில் 14 சதவீதம் எடை திரும்ப ஏறியது. தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் குறைந்தது. பிரஷர் மாத்திரை மாதிரி இதையும் நீண்ட கால மருந்தாக நினைத்துத்தான் தொடங்க வேண்டும். பெண்ணுக்கு மூன்று மாதத்தில் கல்யாணம், அதற்குள் மெலிய வேண்டும் என்று கேட்டு வந்த ஒரு தாயாரிடம் வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் போடவே கூடாத மருந்து இது. கருத்தடை மாத்திரையின் வேலையையும் இது குறைக்கலாம்.

இன்னொரு விஷயம், எதிர்பார்ப்பு. இருபது சதவீதம் குறையும் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். அது சர்க்கரை இல்லாதவர்களிடம் 72 வாரத்தில், 15 மி.கி. அளவில் வந்த சராசரி. சர்க்கரை உள்ளவர்களிடம் 10 மி.கி.யில் 12.8, 15 மி.கி.யில் 14.7 சதவீதம்தான். என்னுடையது 14-ஐ ஒட்டி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அதிகம் இறங்கியது என்று மனசை விட வேண்டியதில்லை.

செலவு கனமானது. வெளிநோயாளி மருந்து என்பதால் என் காப்பீட்டில் ஒரு ரூபாய் கிடைக்கவில்லை, எல்லாம் பலகாரம் விற்ற காசு. செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிந்ததால், உள்ளூர்க் கம்பெனிகளும் அதைச் செய்ய வழி பிறந்திருக்கிறது. கட்டுப்படியாகாதவர்கள் டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக மாறக் கூடாது.

முழங்கால் இப்போது எவ்வளவோ தேவலை. குன்றக்குடி மலைப்படியைக் கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் ஏறுகிறேன், பிரஷர் மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. அளவு 7.5 மி.கி.யில் நிற்கிறது. எடை சில மாதமாக அசையவில்லை, ஆனால் சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் நன்றாக இருப்பதால் 10-க்கு ஏற்ற டாக்டருக்கும் அவசரமில்லை, எனக்கும் இல்லை. அடுத்த தடவை மதுரை போகும்போது சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கொழுப்பு, பித்தப்பை ஸ்கேன் மூன்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.