மடக்கு சைக்கிளில் நெடும்பயணம்: பதினாறா, இருபதா, முழு அளவா?

மடக்கு சைக்கிளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை போக முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். நான் திருப்பிக் கேட்பது வேறு: எப்படித் திரும்பி வருவீர்கள்?

முழு அளவுச் சைக்கிள் என்றால் ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். படிவம், சாக்குச் சுற்றல், கட்டணம் எல்லாம் முடிந்தாலும் நாம் ஏறும் வண்டியிலேயே அதுவும் ஏறும் என்று உறுதியில்லை. பிராம்ப்டன் என்ற பதினாறு அங்குலச் சக்கர மடக்கு சைக்கிளை மடக்கினால் 64.5 × 58.5 × 27 செ.மீ.; உறைக்குள் போட்டுக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம். மூன்று அளவுகளையும் கூட்டினால் 150. பல விமான நிறுவனங்கள் செக்-இன் பெட்டிக்கு வைத்திருக்கும் 158 செ.மீ. வரம்புக்குள் அடங்கிவிடும். டாஹோன், டெர்ன் போன்ற நிறுவனங்களின் இருபது அங்குல வண்டிகள் மடங்கினாலும் கூட்டுத்தொகை 180-ஐ ஒட்டி வரும். ரயிலில் அவற்றுக்கு இடம் பிடிக்கச் சக பயணிகளின் தயவு தேவை.

இதுவரை பிராம்ப்டன்தான் முன்னால் நிற்கிறது. டயர் கிழியும்வரை.

தொண்டிக்குச் சற்று முன்னால் என் இருபது அங்குல வண்டியின் பின் டயர் பக்கவாட்டில் பிளந்தது. பஞ்சர் கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பரணில் தொங்கிய சிறுவர் சைக்கிள் டயர் ஒன்றை இறக்கி, "இதுதானே?" என்றார். இதுவேதான், ஓரத்தில் 406 என்று அச்சிட்டிருந்தது; டயர் உட்காரும் ரிம்மின் (சக்கர வளையத்தின்) விட்டம் அது, மில்லிமீட்டரில். இருபது என்று சொல்லி 451 அளவும் விற்கிறார்கள் என்பதால் அந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பிராம்ப்டனுக்கு அந்தக் கடையில் வழியே இல்லை. அதன் ரிம் 349. சிறுவர்களின் பதினாறு அங்குலச் சைக்கிளோ பெரும்பாலும் 305. பெயர் ஒன்று, டயர் வேறு. பெரிய சைக்கிள்காரர்களும் சிரிக்க வேண்டாம்: ஊர்ப்பக்கம் ஓடும் பழைய 28 அங்குலச் சைக்கிளின் டயர் 635, உங்களுடையது 622. அதுவும் பொருந்தாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது கதை மாறுகிறது. 1,400 மீட்டருக்கும் மேல் ஏற்றம். கடையில் வாங்கியபடியே இருக்கும் இருபது அங்குல வண்டியில் பெரும்பாலும் முன்னால் 52 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 32. மிக இலகுவான கியரிலும் பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 2.5 மீட்டர் நகர்ந்தாக வேண்டும். முன்னால் மூன்று பல்சக்கரங்கள் கொண்ட பயணச் சைக்கிளில் முன்னால் 26 பல், பின்னால் 34 பல் போட்டால் 1.7 மீட்டர்தான். சுமையோடு ஏறும் முழங்காலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இறக்கத்திலும் கவனம் வேண்டும்: ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், சின்ன ரிம்மில் உலோகம் குறைவு, சீக்கிரம் சூடேறும். நான் இரண்டு கொண்டை ஊசிக்கு ஒருமுறை நின்று டீ குடிக்காவிட்டாலும் ரிம்மையாவது ஆறவிடுவேன்.

சின்னச் சக்கரம் சுமை தாங்காது என்பது வீண் பயம். ஸ்போக் குட்டையாக இருப்பதால் சக்கரம் உறுதியாகவே நிற்கும். குழியில் மட்டும் பெரிய சக்கரம் தாண்டிப் போகும் இடத்தில் சின்னது இறங்கிக் குலுக்கும்.

கூடாரம், அடுப்பு சகிதம் ஒரு மாதம் இடைவிடாமல் மிதிப்பவர் முழு அளவுச் சைக்கிளையே எடுக்கட்டும். விமானத்தில் போய் நல்ல சாலைகளில் சுற்றுபவருக்கு பிராம்ப்டன். உதிரி டயர் ஒன்று பையில் இருக்கட்டும். வெள்ளி இரவு ரயிலேறி, மூன்று நாள் மிதித்துவிட்டு வேறு ஊரிலிருந்து திரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு இருபது அங்குலம்தான். முன் பல்சக்கரத்தை மட்டும் 42 பல்லுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், 2.5 மீட்டர் இரண்டாகக் குறையும். சமவெளியில் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் காலை வேகமாகச் சுழற்ற வேண்டிவரும். மூட்டை கட்டிக்கொண்டு அந்த வேகத்தில் நான் போனதே இல்லை.