தண்ணீர் மோட்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: பில்லில் 'கொப்பர்' என்று எழுதி வாங்குங்கள்

அம்மா வீட்டுக் கிணற்றுக்கு யாழ் நகரிலுள்ள ஒரு கடையில் ஒரு ஹோர்ஸ் பவர் மோட்டர் வாங்கினோம். "முழுக்கக் கொப்பர் கொயில், ஒரு வருஷ வாரண்டி, யோசிக்காமல் கொண்டு போங்கோ" என்றார் முதலாளி. கொப்பர், அதாவது செம்புக் கம்பியால் சுற்றிய கொயில் என்றபடியால்தான் விலையும் கூட. பங்குனி வெயிலுக்குள், தாங்கி அரைவாசி நிரம்ப முன்னமே மோட்டர் கொதித்துப் புகை மணத்தோடு நின்றுவிட்டது.

கடைக்குக் கொண்டுபோனால் முதலில் வோல்டேஜ் பிழை என்றார்கள். அப்புறம் கொம்பனி ஆள் கொழும்பிலிருந்து வந்து பார்க்கவேணும், அடுத்த கிழமை வாங்கோ என்றார்கள். எத்தனை அடுத்த கிழமை! கடைசியில் போனை எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

எரிந்த மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற ஒருவரிடம் கொடுத்தேன். மூடியைக் கழற்றி, கருகிய கொயிலில் ஒரு இழையை வெட்டி, பிளேட்டால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறப் பூச்சு. அது உரிந்ததும் உள்ளே பளபளவென்று வெள்ளைக் கம்பி, அலுமினியம். "இந்தக் கடை மோட்டர் இதுக்கு முதலும் வந்தது அண்ணை" என்றார். மின்சாரம் கடத்துவதில் அலுமினியம் செம்பின் 60 சதவீதமளவுதான். அதே தடிப்பில் சுற்றினால் கூடுதலாகச் சூடாகும். அலுமினியம் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. கொப்பர் என்று சொல்லிக் காசு வாங்குவது களவு.

இனி அந்தப் பில்லைப் பாருங்கள். 'வோட்டர் மோட்டர் 1', தொகை, கடை முத்திரை. மொடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, கொப்பர் என்ற சொல் இல்லை. வாரண்டி அட்டையில் திகதி போடவில்லை. அடியில் மட்டும் 'விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். வாயால் சொன்ன எதுவும் தாளில் வராதபடி கவனமாக எழுதிய பில் அது. எங்கள் ஒழுங்கையில் அதே கடையில் காஸ் அடுப்பு வாங்கிய அக்காவின் பில்லும் இப்படித்தான் இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தரத்தான் வேண்டும். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால், விசாரித்து மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரமும் சபைக்கு இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு. 'அடுத்த கிழமை வாங்கோ' என்று ஏன் இழுக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

எனக்கு ஆத்திரம் சட்டத்தின் மேலும்தான். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால் தனிநபருக்குக் குறைந்தது 1 இலட்சம், கொம்பனிக்கு 5 இலட்சம் ரூபா என்று 2021இல் தண்டப்பணத்தை ஏற்றினார்கள். நல்லது. ஆனால் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. ஏமாந்தவர் தன் காசுக்குத் தனியாக அலையவேண்டும், அதற்கும் கையில் ஒழுங்கான தாள் வேண்டும். வயதான ஒருவர் வேலை வெட்டியை விட்டு எத்தனை தரம் அலைவார்? அந்த முதலாளி நம்பியிருப்பது அதைத்தான்.

மோட்டர் வாங்குகிறவர்கள், மொடல், சீரியல் நம்பர், 'கொப்பர் வைண்டிங்', வாரண்டிக் காலம் நான்கையும் பில்லில் எழுதி முத்திரை குத்திய பிறகு மட்டும் காசைக் கொடுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பழுதானால் கடை சொல்லும் தவணைக்குக் காத்திராமல் உடனே எழுத்தில் முறையிடுங்கள், பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். அதிகார சபையின் அவசர இலக்கம் 1977.

என் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டேன், சுரண்டிய கம்பித் துண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே மாதிரி மோட்டர் எரிந்தவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் வைத்திருங்கள். பில்லில் உள்ள திகதியைப் பாருங்கள், மூன்று மாதம் தாண்டவில்லை என்றால் இந்தக் கிழமையே எழுதிக் கொடுங்கள்.