மெமரிக்கு ஹீட்சிங்க் ஒட்டினால் ஓவர்கிளாக் ஏறுமா?

நண்பன் ஒருவன் பழைய ஜி.டி.எக்ஸ் 1070 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் பிடித்திருக்கிறான். "மெமரிக்கு ஹீட்சிங்க் ஒட்டினா இன்னும் கொஞ்சம் ஏத்தலாமாடா?" என்று கேட்டான். ஓவர்கிளாக்கைத்தான், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதைத்தான் கேட்கிறான். அதே கார்டில் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் அந்தக் குட்டி அலுமினியத் துண்டுகளை ஒட்டி வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவன் நான். அவனிடம் ஃபோனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நேரான பதில்: ஏறாது. இந்தக் கார்டின் ஜி.டி.டி.ஆர்5 மெமரி ஒரு பின்னுக்கு விநாடிக்கு 8 ஜிகாபிட் வேகத்தில் வருகிறது, கார்டின் வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் எண்ணளவில் அதில் பாதியாக, 4004 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். அதில் 500 கூட்டினால் 9 ஜிகாபிட். பேண்ட்வித், அதாவது மொத்தமாகத் தகவல் போகும் அளவு, விநாடிக்கு 256 ஜிபியிலிருந்து 288 ஆகிவிடும். கார்டோடு வந்த கூலர் இருந்தபோதே என்னுடையது இந்த 500-இல் சமர்த்தாக ஓடியது. ஹீட்சிங்க் ஒட்டி, அதன் மேல் தனியாக ஃபேனும் வைத்த பிறகும் அதே 500தான். அதற்கு மேல் போனால் அன்றைக்கும் தகராறு, இன்றைக்கும் தகராறு. சிப்பின் தரம், மெமரி கன்ட்ரோலர், மின்னழுத்தம், டைமிங் இவைதான் அந்த எல்லையைப் போடுகின்றன. சிப் அளவுக்கு மீறிச் சூடாகாத வரை, பத்து டிகிரி குறைத்துக் கொடுத்தோமே என்று அது கூடுதல் வேகம் தந்துவிடாது.

"எனக்கு 700 ஏறியது, திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை" என்பவர்களும் உண்டு. ஜி.டி.டி.ஆர்5-இல் பிழை கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. தகவல் போகும் வழியில் கெட்டால் அதை மறுபடி அனுப்பிவிடும். அதனால் திரை சுத்தமாக இருக்கும், உள்ளே நேரம் விரயமாகிக்கொண்டிருக்கும். எண்ணை ஏற்ற ஏற்ற பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) ஸ்கோர் ஏறி, ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். உண்மையான எல்லை அந்த இறக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. திரையை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் ஹீட்சிங்குக்குச் சேராத புகழ் அதற்குப் போய்ச் சேரும்.

அப்புறம் நான் ஏன் ஒட்டினேன்? ஜிபியுவுக்கு லிக்விட் கூலர் மாட்டினேன். அது நடுவிலிருக்கும் பெரிய சிப்பை மட்டும்தான் கவனிக்கும். பழைய கூலரின் தட்டு சூட்டைக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேட் வழியாக மெமரியையும், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் வி.ஆர்.எம்மையும் தொட்டுக்கொண்டிருந்தது, அதைக் கழற்றியதும் இரண்டும் மொட்டையாக நின்றன. இந்த நிலைமையில்தான் ஹீட்சிங்குக்கு வேலை. பழைய கூலர் அப்படியே இருக்கிறதென்றால் சிப்பின் மேல் ஒட்டவே இடம் கிடையாது.

இந்தக் கார்டில் மெமரிச் சிப்பின் சூட்டை மென்பொருளில் பார்க்க முடியாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகக் காட்டினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டி ஏமாற்றும். கருப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டை ஒட்டி அதன் மேல் காட்டுங்கள். நான் அப்படிப் பார்த்தபோது மெமரியில் வித்தியாசம் சுமார்தான். சிப்பின் சூட்டில் நல்ல பங்கு கீழே சால்டர் குண்டுகள் வழியாக போர்டுக்குள் இறங்கிவிடுகிறது, மேலே ஒட்டிய துண்டுக்கு மிச்சம்தான் கிடைக்கும். வி.ஆர்.எம் பக்கம் கதையே வேறு. அங்கே சூடாகும் சிப்புகளான மாஸ்ஃபெட்டுகளின் மேல் ஒட்டியதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கியது. ஆனால் ஒன்று: ஹீட்சிங்கே இல்லாமல் ஃபேனை மட்டும் வைத்தபோதே பெரும்பகுதி இறங்கிவிட்டது. இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

இனி என் வயிற்றெரிச்சல். கேபினட்டில் கார்டைச் செருகினால் சிப்புகள் இருக்கும் பக்கம் கீழே பார்க்கும். அதாவது இந்தத் துண்டுகள் எல்லாம் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகின்றன, வெறும் டேப்பின் பலத்தில். வெயில் காலத்தில் விளையாட்டின் நடுவே 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். உடனே கம்ப்யூட்டரை அணைத்து, டார்ச் அடித்து, எது எங்கே விழுந்தது என்று தேட வேண்டும். விழுந்தது உலோகம், கீழே இருப்பது மதர்போர்டின் ஊசிகள். பயப்படாமல் எப்படி இருப்பது? மெமரி சிப் 12-க்கு 14 மில்லிமீட்டர். பாக்கெட்டில் வருவதோ 14 மில்லிமீட்டர் சதுரம். ஓரம் பக்கத்து கெபாசிட்டரில் இடித்தால் துண்டு சாய்ந்தே நிற்கும், சாய்ந்தது நிச்சயம் விழும். பழைய தெர்மல் பேட் விட்டுப்போன எண்ணெய்ப் பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டு இரண்டு மூன்று தடவை துடைத்து, அழுத்திப் பிடித்து, ஒரு நாள் முழுக்கக் கார்டைச் சிப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கப் போட்டு விட்டால் கொஞ்சம் நிற்கும். பாக்கெட்டோடு வரும் நீல டேப்பை மட்டும் நம்பாதீர்கள். தெர்மல் எபாக்ஸி என்ற கெட்டிப் பசை நிற்கும்தான், ஆனால் பின்னால் கழற்றும்போது சிப்பையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஆர்.டி.எக்ஸ் 3090 மாதிரி ஜி.டி.டி.ஆர்6எக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அந்த மெமரி நிஜமாகவே கொதிக்கும். 110 டிகிரி தொட்டால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3090-இல் பாதி சிப்புகள் போர்டின் பின்பக்கம் வேறு. அங்கே சூட்டைக் குறைத்தால் பலன் உண்டு. ஆனால் அதற்கும் நல்ல தெர்மல் பேட்தான் முதல் வழி, சரியான தடிமனில். தடிமன் கூடினால் கூலர் ஜிபியுவில் சரியாக உட்காராது.

சரி, நியாயமாகப் பார்த்தால் பொருளில் பெரிய குறை இல்லை. மொட்டையாக நின்ற மெமரியும் வி.ஆர்.எம்மும் இத்தனை வருடம் தாங்கியதில் இதற்கும் பங்கு இருக்கிறது. ஆனாலும் நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். கூலரை மாற்றாத வரை அவனுக்கு இது வேண்டாம், ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். எனக்கு? போன வாரம் மறுபடி இரண்டு உதிர்ந்தன. திட்டிக்கொண்டே இன்னொரு பாக்கெட் ஆர்டர் போட்டிருக்கிறேன், டேப்பை மட்டும் தனியாக, நல்லதாக.