கோத்தகிரியில் ஒரு பறவை நடை: கதை எழுதுகிறவர்கள் போய் வரலாம்

கோத்தகிரி லாங்வுட் சோலையில் விடியற்காலையில் பறவை காட்டக் கூட்டிப்போகிறார் உள்ளூர்த் தம்பி ஒருவர். பறவைப் பிரியர்கள் எப்படியும் போவார்கள், நான் சிபாரிசு செய்வது கதை எழுதுகிறவர்களுக்கு.

கிளையில் ஏதாவது அசைந்தால் அவர் உடனே பேர் சொல்ல மாட்டார். “பேரை அப்புறம் சொல்றேண்ணா, மொதல்ல என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க” என்பார். ‘அழகா இருக்கு’ என்றால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. தரையிலிருந்து எவ்வளவு உயரம், தலை என்ன நிறம், வாலை ஆட்டியதா, தனியாகவா ஜோடியாகவா என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். புதருக்குள் தாழ்வாக உட்கார்ந்திருந்ததை, தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு, பக்கத்தில் இருந்த இன்னொன்றுக்குக் கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுப்பு என்று நாங்கள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்த பிறகுதான், கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான், பழுப்பாக இருப்பது பெண் என்றார். பேர் முதலிலேயே கிடைத்திருந்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்திருப்போம், அந்தப் பெண் பறவையை யாரும் கவனித்திருக்க மாட்டோம். முதல் வரியிலேயே ஒருவரைக் கோபக்கார மாமா என்று முத்திரை குத்திவிட்டு, அப்புறம் அவர் முகத்தையே பார்க்காமல் பத்துப் பக்கம் எழுதுகிறோமே, அதுவும் இந்தக் கதைதான்.

நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிடும். பழனி மலையில் இருப்பது வேறு இனம், நடுவே பாலக்காட்டுக் கணவாய். கொடைக்கானல் கதையில் நீலகிரிச் சிரிப்பானைச் சிரிக்கவிட்டால், விவரம் தெரிந்தவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வேலை இங்கே கிடையாது, அதற்கே தனியாக ஒரு சபாஷ். வாடகைக்குத் தருவது எட்டு மடங்கு பைனாகுலர். பத்து மடங்கு வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். எனக்கு வந்ததில் உள்ளே பூஞ்சை, மாற்றுக்கு இன்னொன்று இல்லை.

116 ஹெக்டேர் சோலை, 2024இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் நடை அதன் ஓரத்திலேயே முடிந்துவிடுகிறது. பார்த்த பறவைகளின் பட்டியலை நிரப்ப வந்தவர்கள் முகம் தொங்கிப்போனது. சனி, ஞாயிறு கூட்டம் அதிகம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். வார நாளில் போங்கள். மழைக்காலமென்றால் அட்டைக்கு நீளமான சாக்ஸ் கட்டாயம்.